பதினேழாம் நம்பர் கண்ணி

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு லாரியின் முதுகில் ஒரு ராணுவக் கேரியர் திரும்பி வந்தது. சின்ன டாங்கி மாதிரி, சக்கரங்களைச் சுற்றி இரும்புச் சங்கிலிப் பட்டை ஓடுகிற வண்டி; முந்தின வாரம் எங்கள் பட்டறை வாசலிலிருந்து நல்லபடியாக ஓட்டிக்கொண்டு போனது. இப்போது இடது பக்கம் சங்கிலிப் பட்டை இல்லை. சக்கரங்கள் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி வெளியே தெரிந்தன. முன் தகட்டில் காய்ந்த சேறு, சேற்றில் புல்.

கூட வந்த சார்ஜெண்ட் ஒரு மாவுச் சாக்கை ஃபோர்மன் கில்ஹூலியின் மேஜைமேல் கொட்டினார். உள்ளே இருந்தது அந்தப் பட்டையின் ஒரே ஒரு இரும்புக் கண்ணி. இரண்டு துண்டாக.

"முகாம்லேருந்து மூணு மைல். மணிக்கு இருபது மைல் வேகம். லேசா வளைச்சான், அவ்வளவுதான். பட்டை அந்து பின்னால பாம்பு மாதிரி கிடக்கு, வண்டி வாய்க்கால்ல கிடக்கு. ஓட்டினவனுக்கு முழங்கைக்கு மேல எலும்பு முறிஞ்சு போச்சு" என்றார் சார்ஜெண்ட். அவர் பெயர் பென்ரோஸ். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

கில்ஹூலி துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்ணிகளைக் கோக்கும் இரும்புப் பின்களை அடிக்கிற பின் மேஜையிலிருந்து நான் எழுந்து நின்று பார்த்தேன். எங்கள் வரிசையில் பத்துப் பெண்கள். யாருமே சுத்தியலைத் தூக்கவில்லை. முறிந்த முகத்தில் பாதி வெள்ளியாகப் பளபளத்தது. பாதி கறுப்பு. வெள்ளியாக இருப்பது இன்று முறிந்த இடம். கறுப்பு எங்கள் உலையிலேயே விழுந்த பிளவு. பட்டறையில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்களுக்கும் இது தெரியும்.

கண்ணியின் விளிம்பில் முத்திரை தெளிவாக இருந்தது. பதினேழு.

பதினேழு, கண்ணிகளைச் சோதிக்கும் பெர்சி டன்ஸ்டனுடைய நம்பர். அவருடைய மனைவி மாவிஸ் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின் அடிப்பவள். நான் குடியிருப்பது அவர்கள் வீட்டின் பின்தாழ்வாரத்து அறையில்.

ஒரு கேரியருக்குப் பக்கத்துக்கு நூற்றெழுபத்துச் சொச்சம் கண்ணி. வண்டி லேசாகத் திரும்பும்போது பட்டையே வில் மாதிரி வளைந்து கொடுக்கும். அதனால் ஒரு கண்ணியில் பிளவு இருந்தாலும் எல்லாம் போச்சு. வார்த்து, உலைப் பானைகளில் நாள் கணக்கில் பதப்படுத்தி, ஆறவைத்த கண்ணிகள் பெர்சியிடம் வரும். அவர் ஒவ்வொன்றையும் ஒரு கொக்கியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். நல்லது மணி மாதிரி பாடும். பிளந்தது ஓட்டைப் பானை மாதிரி சொத்தென்று சொல்லும். பாடினதற்கு முத்திரை, சொத்தென்றதற்குத் தொட்டி. தட்டும்போது இடது கையின் இரண்டு விரலைக் கொக்கிக் கம்பியில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். கண்ணி ஆடாமல் இருக்க என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கில்ஹூலி அவரைக் கையாட்டிக் கூப்பிட்டார். பெர்சி வந்தார். பச்சைக் கம்பளிக் கையுறையைக் கழற்றினார். முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். முத்திரையைப் பார்த்தார்.

"என்னோடதுதான்" என்றார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. கடைசி மேஜை வரை கேட்டது.

"அந்த வாரத்துக் கண்ணி இன்னும் எதுல எதுல பூட்டியிருக்கு?" என்று கேட்டார் சார்ஜெண்ட்.

கில்ஹூலி தாளைப் பார்க்காமலே சொன்னார். "இன்னும் ஒம்போது வண்டி. ஆத்துத் துறையில நிக்குது. சனிக்கிழமை கப்பல்."

"வடக்கே சண்டைக்குப் போகுதா?"

"நாங்க கேக்கறதில்ல."

சார்ஜெண்ட் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "ஆயிரக்கணக்குல ஒண்ணு தப்பிச்சிருச்சா, இல்ல ஒரு வாரத்துச் சரக்கே இப்படியா? எனக்கு அது மட்டும் எழுத்துல வேணும். நாளைக்குக் காலைல வர்றேன்."

* * *

யுத்த காலத்து ஜூலை மாதம். எங்கள் ஆற்றோரப் பேட்டையான யாராவில்லில் ஜூலைதான் குளிர்காலம்; ஆற்றிலிருந்து ஈரக்காற்று, எலும்பு அரைக்கும் ஆலையின் நாற்றம், சர்க்கரை ஆலையின் கருகின வாசனை, மூன்றும் ஒன்றாக வரும். பெர்சியின் விரல்கள் குளிரில் வீங்கிச் சிவந்து வெடித்திருந்தன. அதற்காகத்தான் மாவிஸ் அந்தக் கையுறையைப் பின்னினாள். துணிக்கு ரேஷன் கூப்பன் வந்துவிட்டது. புதுக் கம்பளி வாங்க மனம் வரவில்லை. தன்னுடைய பச்சை ஸ்வெட்டரையே பிரித்துவிட்டாள். அவளிடம் இருந்த ஒரே நல்ல ஸ்வெட்டர். போன வாரத் திங்கட்கிழமை காலை கையுறையை அவர் கையில் மாட்டிவிட்டு, பட்டறையில் பன்னிரண்டு தப்படி தள்ளி அவருக்கு எதிரே உட்கார்ந்து, பின் அடித்துக்கொண்டே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் காட்டினாள்.

கேரியர் திரும்பி வந்த அன்று சாயங்காலம் மாட்டுக் குடல் சமைத்திருந்தாள். பாலும் வெங்காயமும் விட்டு வெள்ளையாக அவித்தது. எங்கள் ஊரான மால்டாத் தீவில் அதைத் தக்காளியும் பூண்டும் போட்டுச் சிவக்கச் செய்வோம். இப்போது அங்கே என்ன சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நாலு மாதமாக அம்மாவிடமிருந்து கடிதம் இல்லை. தினமும் குண்டு விழுகிறது என்று பத்திரிகையில் மட்டும் வரும்.

"கடுதாசி வந்துச்சா கார்மி?" என்று பெர்சி கேட்டார். தினமும் கேட்பார். தெரு முழுக்க என் கடிதத்துக்காகக் காத்திருந்தது அவருடைய குரலால்தான்.

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவருக்குத் தலையாட்டினால் போதும். சொன்னால்தான் "ஆங்?" என்பார். இருபத்தெட்டு வருஷம் பாய்லர் பட்டறையில் ஆணி அடித்த காது. அந்தத் தெருவில் பாய்லர்காரர் வீட்டில் எல்லாம் ரேடியோ அலறும். அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

மாவிஸ் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "அந்த கில்ஹூலி என்னா நெனச்சுக்கிட்டிருக்கான்? எல்லார் முன்னாடியும் கூப்பிட்டு நிக்கவைக்கறான். தெனம் நூறு கூடுதலா வேணும், நூறு கூடுதலா வேணும்னு பின்னாடியே நின்னு கத்தினது யாரு?"

"அவன் கத்தினதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல" என்றார் பெர்சி.

"ஆயிரத்துல ஒண்ணு. யாருக்கும் தப்பும். சொல்லிட்டுப் போயேன்."

"ம்."

"என்ன ம்? ஒண்ணரை வருஷமா உன் முத்திரையில ஒரு கண்ணி திரும்பி வந்ததுண்டா? பிஷப்புக்கே அவ்வளவு நல்ல பேர் கிடையாது. நாளைக்குப் போய் 'ஒண்ணு தப்பிருச்சு, மன்னிச்சுக்க'ன்னு சொல்லு. முடிஞ்சுது."

பெர்சி ரொட்டியில் கொழுப்பைத் தடவினார். தடவினதையே மறுபடி தடவினார். "ஒண்ணுதானான்னு எனக்குத் தெரியல மாவ்."

"உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

அவர் எழுந்தார். தட்டைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு, விறகு பிளக்கப் போனார். விறகு ஏற்கெனவே பிளந்து அடுக்கியிருந்தது. அதையே இன்னும் சின்னதாகப் பிளந்தார்.

"நூத்து எழுபத்தஞ்சு தடவ சொல்லிட்டேன், சாப்பிட்டு உக்காருன்னு" என்றாள் மாவிஸ் என்னிடம். தட்டுத் துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். "ஆய்வு வேலையில இருந்து எடுத்துட்டாங்கன்னா அவரு என்னா பண்ணுவாரு? அம்பத்தேழு வயசு. மறுபடி பாய்லருக்குள்ள குனிஞ்சு போக முதுகு வளையாது. முத்திரை கைக்கு வந்த நாள்தான் அவரு மூஞ்சில சிரிப்பப் பாத்தேன். நம்பர் போட்ட ஆளாயிட்டேன்னாரு."

எனக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. போன வாரம் முழுக்க அவருடைய தொட்டியில் கண்ணி விழுந்த சத்தமே இல்லை. அதற்கு முன் மணிக்கு ஒன்றாவது விழும். நான் அதைக் கவனித்திருந்தேன். இந்த வாரத்துச் சரக்கு நல்லதாக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது சொன்னால் வீட்டைவிட்டுப் போகச் சொல்வார்களோ என்று பயமாக இருந்தது. தட்டைத் துடைத்து அடுக்கினேன்.

* * *

புதன்கிழமை காலை வாசலில் மாவிஸ் கையுறையை நீட்டினாள். பெர்சி வாங்கவில்லை.

"போடு. பனி வெள்ளையா கெடக்கு."

"வேண்டாம்."

"ஏன், குத்துதா?"

"குத்தல."

"அப்பறம் என்ன? நான் போட்டுக்க ஸ்வெட்டர் இல்லாம நிக்கறேன், இவருக்குக் கையுறை வேண்டாமாம்."

மூவரும் நடந்தோம். கையுறை அவள் கையிலேயே இருந்தது. அவள் அதை நடந்துகொண்டே தொடையில் அடித்துக்கொண்டு வந்தாள். ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட்காரர் வெள்ளை மரக்கதவைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். நிலக்கரி ரயில். இரண்டு பக்கமும் வேலைக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். சைக்கிள்கள், சாப்பாட்டுத் தூக்கு, சிகரெட். எங்களுக்குப் பின்னால் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கில்ஹூலி நின்றார். பெர்சி அவரைப் பார்க்கவில்லை.

என்ஜின் எங்கள் முகத்தில் புகையை விட்டுக்கொண்டு கடந்தது. பின்னால் பெட்டி பெட்டியாக வந்தது. தரை அதிர்ந்தது. இந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்ற நினைப்பில்தான் பெர்சி அப்போது பேசினார் என்று நினைக்கிறேன். மாவிஸின் முகத்துக்கு நேரே குனிந்து, பாய்லருக்குள் பேசுகிற மாதிரி கத்தினார்.

"நான் காதால சோதிக்கல மாவ்!"

"என்னாது?"

"காதால இல்ல! எனக்கு அந்தச் சத்தம் கேக்கறதே இல்ல! முதல் நாள்லேருந்தே கேக்கல! விரலால! கம்பில விரல வச்சா அதிரும்! நல்லதுன்னா ரொம்ப நேரம் அதிரும், கெட்டதுன்னா உடனே செத்துரும்! காத விட அது கரெக்டா சொல்லும்!"

மாவிஸ் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிகள் போய்க்கொண்டேயிருந்தன. பிறகு கடைசிப் பெட்டி, கார்டு பெட்டி, அதன் சிவப்பு விளக்கு. சத்தம் வளைவில் திரும்பிக் குறைந்து இல்லாமல் போயிற்று. கேட்டுக்கு இரண்டு பக்கமும் அமைதி. பெர்சியின் குரல் மட்டும் குறையவில்லை.

"கையுறை போட்டதுக்கப்பறம் ஒண்ணுமே தெரியல! எல்லாம் ஒரே மாதிரி! குளிர்ல விரல் மரத்துப்போச்சுன்னு நெனச்சேன்! போன வாரம் அஞ்சு நாள், திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும், இந்த வாரம் ரெண்டு நாள், வந்ததுக்கெல்லாம் குருட்டாம்போக்குல முத்திரை போட்டேன்! கழட்டியிருப்பேன்! நீ எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்த! எப்படிக் கழட்டுவேன்!"

கேட்காரர் கதவைத் தள்ள மறந்து நின்றார். எங்கோ ஒரு சைக்கிள் மணி தானாக ஒரு தடவை அடித்து நின்றது.

பெர்சி மாவிஸின் முகத்தைப் பார்த்தார். அவள் தன்னைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்ப்பதைப் பார்த்தார். திரும்பினார். தண்டவாளம் காலியாக இருந்தது. நாற்பது பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரயில் எப்பப் போச்சு?" என்றார். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

கில்ஹூலி சைக்கிளை வேலியில் சாய்த்தார். பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். சார்ஜெண்டுக்கு எழுதி வைத்திருந்தது. ஒரே ஒரு கண்ணி தப்பிவிட்டது என்று அதில் இருந்ததாகப் பிறகு தெரிந்தது. அதை நாலாகக் கிழித்துப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"போன வாரம் அஞ்சு நாளும் முழுசாவா, பெர்ஸ்?" விரலை விரித்துக் காட்டிக் கேட்டார்.

"முழுசா."

"அப்ப ஒம்போது வண்டியும்தான். இந்த ரெண்டு நாள் சரக்கு இன்னும் பூட்டல, அத அப்பறம் பாத்துக்கலாம்." கில்ஹூலி சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "என்னாங்கடா, நாடகமா நடக்குது? போங்க உள்ள. பின் மேஜைக்காரங்க மட்டும் சுத்தியல எடுத்துக்கிட்டுத் துறைக்கு வாங்க."

மாவிஸ் நகரவில்லை. "மொத நாளே சொல்லியிருந்தா என்னய்யா?" என்றாள். "ஒரு கையுறை. அவுத்துத் தூக்கிப் போட வேண்டியதுதானே. நான் என்ன செத்தா போயிருப்பேன்?"

"ஆங்?" என்றார் பெர்சி.

அவள் கையுறையைத் தன் பைக்குள் திணித்தாள். அவருடைய வெறும் கையைப் பிடித்துத் தண்டவாளத்தைக் கடந்தாள். அந்தத் தெருவில் கல்யாணமானவர்கள் கைபிடித்து நடப்பதில்லை.

* * *

பூட்டின பட்டையைத் தட்டிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு கண்ணியையும் பிரித்துத் தனியாகத் தொங்கவிட வேண்டும். பின்னின் முனையை நாங்கள்தான் தட்டி விரித்திருந்தோம். இப்போது நாங்களே அதை வெட்டி, அடித்து, வெளியே தள்ளினோம். எங்கள் சொந்த வேலையைப் பாழாக்குவது கைக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பின்னும் வீண். துறையின் தகரக் கொட்டகையில் மூன்று பக்கம்தான் சுவர். நாலாவது பக்கம் ஆறு.

சோதிக்க யாரைப் போடுவது என்று கில்ஹூலி யோசித்தார். பெண்களில் யாருக்குக் காது நல்லது என்று கேட்டார். மற்ற ஒன்பது பேரும் என்னைக் காட்டினார்கள். பட்டறைக்கு நான் கடைசியாக வந்தவள், காது இன்னும் கெடாதவள்.

"கார்மி தட்டிக் கேக்கட்டும். பெர்ஸ், நீ கம்பில விரல வை. ரெண்டு பேரும் சரின்னா சரி. ஒருத்தர் இல்லைன்னாலும் தொட்டி."

சார்ஜெண்ட் பென்ரோஸ் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "ஒரு செவிடனும் ஒரு மால்டாக்காரியும். என் பசங்க உயிர் இவங்க கையில. நல்லாருக்குய்யா உங்க பட்டறை."

"வேற யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்றாள் மாவிஸ், உளியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. "இல்லைன்னா அந்தப் பெட்டிலேருந்து எந்திரிங்க. அதுல பின் இருக்கு."

அவர் எழுந்தார்.

நான் தட்டினேன். முதல் கண்ணி பாடியது. பெர்சியின் விரல் இரண்டும் கம்பியில் இருந்தன. வெடித்த நுனியில் ரத்தம் தெரிந்தது. அவர் தலையாட்டினார். அடுத்தது. அடுத்தது. நாற்பத்தோராவது கண்ணியைத் தட்டியபோது எனக்கு நன்றாகவே கேட்டது. பெர்சி தலையை இல்லையென்று ஆட்டினார்.

"நல்லாத்தான இருக்கு" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார்.

"முடிவுல செத்துருச்சு" என்றார்.

சார்ஜெண்டுக்கும் நன்றாகவே கேட்டிருந்தது. அவர் அந்தக் கண்ணியைக் கொக்கியிலிருந்து எடுத்தார். கப்பல் கட்டும் இரும்புத் தூண்மேல் வைத்து, பெரிய சம்மட்டியால் ஓங்கி ஒரு அடி போட்டார். இரண்டாகத் தெறித்தது. குனிந்து எடுத்துப் பார்த்தார். நடுவில் ஒரு நகம் அளவுக்குக் கறுப்பு.

சார்ஜெண்ட் நிமிர்ந்தார். துண்டுகளைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, கொட்டகையின் திறந்த பக்கத்தில் தார்ப்பாயைக் கட்ட ஆள் அனுப்பினார். பெர்சிக்குக் காற்றுப் படாமல் இருக்க.

புதன், வியாழன், வெள்ளி. சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறிப் பை வந்தது, கறுப்பு டீ வந்தது. டீயும் இப்போது ரேஷன்தான், ஆனால் சார்ஜெண்ட் எங்கிருந்தோ கொண்டுவந்தார். ஒரு மணிக்கு ஒரு தடவை மாவிஸ் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பெர்சியின் கையை அதில் அமுக்கி, துடைத்து, மறுபடி கம்பியில் வைத்துவிட்டுப் போவாள். பேச மாட்டாள். ஒரு தடவை மட்டும், "நோவுதா?" என்று வாயசைத்தாள்.

"நோவு இருந்தாத்தான் நல்லது" என்று அவர் கத்தினார். "மரத்துப்போனாத்தான் தப்பு."

மூவாயிரத்துச் சொச்சம் கண்ணியில் முப்பத்தாறு கெட்டது. அதில் நான்கு, என் காதுக்கு நன்றாகக் கேட்டவை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்துக்குக் கடைசிப் பட்டையைப் பூட்டினோம். சனிக்கிழமை கப்பல் போயிற்று.

* * *

திங்கட்கிழமை கில்ஹூலி பெர்சியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவை மூடவில்லை. மூடினாலும் பயனில்லை.

"நீ எங்கள எல்லாரையும் விட நல்லா சோதிக்கற. அது எனக்குத் தெரியும்" என்று கில்ஹூலி ஒவ்வொரு சொல்லாக உதட்டை விரித்துச் சொன்னார். "ஆனா ஆய்வாளருக்குக் காது கேக்கணும்னு சட்டத்துல இருக்கு. சட்டத்துல விரல் இல்ல. நான் என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"உலைப் பானைப் பக்கம் போறியா? கூலி கொறைவு. ஆனா சூடு."

"போறேன்."

பெர்சி இடுப்புப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். அதன் முகத்தைத் துணியால் துடைத்தார். இரண்டாம் தடவை துடைத்தார். மேஜைமேல் வைத்தார். கில்ஹூலி அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பதினேழை அதற்கப்புறம் யாருக்கும் கொடுக்கவில்லை.

எனக்கு முப்பத்தொன்று என்று புது முத்திரை தந்தார்கள். சுத்தியலும் கொக்கியும் அதே. முதல் நாள் ஒவ்வொரு கண்ணியையும் இரண்டு தடவை தட்டினேன். ஒரு கண்ணி தப்பினால் யாருக்கோ எலும்பு முறியும் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. பத்தாவது கண்ணியிலிருந்து நானும் இடது கையின் இரண்டு விரலைக் கம்பியில் வைத்துக்கொண்டேன். ஒன்றும் தெரியவில்லை. வெறும் அதிர்வு. அவர் அதில் என்ன படித்தார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. பாதிதான் கண்டுபிடித்தேன்.

பெர்சி முத்திரையைக் கொடுத்த அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மாவிஸ் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையுறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே பெர்சி இரண்டு கையையும் தூக்கி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சை நூல் அவர் கைகளில் சுற்றிக்கொண்டே வந்தது. உலைச் சூட்டில் ஒரே நாளில் அவர் விரல்களின் வீக்கம் வற்றத் தொடங்கியிருந்தது.

"கடுதாசி வந்துச்சா கார்மி?"

தலையை ஆட்டினேன்.

"நாளைக்கு வரும்" என்று தெருவுக்குச் சொன்னார்.

"மறுபடி ஸ்வெட்டரா பண்ணப் போறீங்க, மிசஸ் டன்ஸ்டன்?" என்று கேட்டேன். "உங்களுக்கு வேணுமே."

"எனக்கா? பாதி நூல் இத்துப்போச்சு, அரை ஸ்வெட்டர்தான் தேறும்." அவள் நூலை இழுத்தாள். இழுத்த பக்கம் பெர்சியின் கை தானாகச் சாய்ந்து கொடுத்தது. "இவருக்குத்தான், சாக்ஸ்."

பிறகு நிமிர்ந்து, அவர் முகத்துக்கு நேரே, நன்றாக வாயைத் திறந்து கேட்டாள்.

"கால்ல போட்டுக்கலாம்ல? இல்ல அதுலயும் எதாவது கேட்டுக்கிட்டிருக்கியா? இப்பவே சொல்லித் தொலை."